தமிழிலிருந்து பிலிப்பினோவுக்கும் போலிஷுக்கும்: என் பணமும் நேரமும் போன வழி

வேலை என்னை முதலில் மணிலாவுக்கும், சில வருடம் கழித்துப் போலந்தின் கிராக்கோவுக்கும் கொண்டுபோனது. பெரிய நிறுவனங்களின் கணக்கு, சம்பளப் பட்டுவாடா போன்ற வேலைகளை வெளிநாட்டில் வைத்து முடித்துக் கொடுக்கும் அலுவலகங்கள் இந்த இரண்டு ஊரிலும் நிறைய. ஒரு ஊரில் பிலிப்பினோ, இன்னொரு ஊரில் போலிஷ். முதல் மொழி பைசா செலவில்லாமல் வந்தது. இரண்டாவது மொழிக்கு ஐயாயிரம் ஸ்வோட்டிக்கு மேல், அதாவது நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்தேன். பணத்தைவிட, போன நேரம்தான் இன்னும் உறுத்துகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. எதை எடுத்தாலும் ஆங்கிலம் பேசுபவர்களை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள்தான் கிடைத்தன. தமிழ் பேசுகிற ஒருத்தி இந்த மொழிகளைப் படிக்கப் போனால் எது தானாக வரும், எங்கே அடி விழும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதிக்குப் பாதி மிஞ்சியிருக்கும்.

ஒரு பட்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் காட்டிப் பயமுறுத்துவார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறைக்குத் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிறுவனம் ஒன்று உண்டு. அவர்கள் கணக்கில் போலிஷும் பிலிப்பினோவும் ஒரே வகை: சுமார் 44 வாரம், 1100 வகுப்பு மணி நேரம். அதே வகையில்தான் தமிழையும் வைத்திருக்கிறார்கள். அதாவது அது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் எவ்வளவு கஷ்டப்படுவார் என்ற கணக்கு. தமிழில் வளர்ந்த நமக்கு அது எந்த விதத்திலும் பொருந்தாது. எனக்குப் பிலிப்பினோ அதில் பாதிகூட ஆகவில்லை. போலிஷில் அவர்கள் மலை என்று சொன்ன இடம் எனக்கு மேடாகவும், அவர்கள் ஒரு வரியில் கடந்த இடம் எனக்குப் பெரும் பள்ளமாகவும் இருந்தது.

மணிலாவில் பிலிப்பினோ கற்க வேண்டிய கட்டாயமே இல்லை. 1987 அரசியல் சட்டப்படி தேசிய மொழி பிலிப்பினோ. அலுவல் மொழிகள் அதுவும் ஆங்கிலமும். ஆபீசில் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். நான் கற்றது ஜீப்னி என்கிற அந்த ஊர் ஷேர் வண்டியில். பின்பக்கம் ஏறி, எதிரெதிர் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, காசை நீட்டி "பாயட் போ" என்றால் பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போய், மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். நம்மூர் டவுன் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே டிக்கெட்டுக்குக் காசு போகிற மாதிரியேதான். இறங்க "பாரா போ". அந்தப் "போ" நம் காதுக்கு விரட்டுகிற மாதிரிக் கேட்கும். ஆனால் அது மரியாதைச் சொல். 'வாங்க', 'சொல்லுங்க' என்பதில் நாம் ஒட்டுகிற 'ங்க' செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. டிரைவரைக் 'குயா' (அண்ணா) என்றும், கடைக்காரப் பெண்ணை 'ஆத்தே' (அக்கா) என்றும் கூப்பிடலாம். முன்பின் தெரியாதவரை உறவு சொல்லி அழைப்பதை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. என்னோடு சேர்ந்த ஆங்கிலேயர் ஒருவருக்கு அந்தக் கூச்சம் போகவே ரொம்ப நாள் ஆனது.

இப்படி நமக்குத் தானாக வரும் விஷயங்கள் பிலிப்பினோவில் நிறைய இருக்கின்றன. 'தாயோ' என்றால் நாம், 'கமி' என்றால் நாங்கள். "காகாயின் தாயோ" என்றால் நாம் சாப்பிடப் போகிறோம், நீயும் வா. "காகாயின் கமி" என்றால் நாங்கள் சாப்பிடப் போகிறோம், உன்னைச் சேர்க்கவில்லை. ஆங்கிலப் பாடநூல் இதற்குப் படம் போட்டு ஒரு பக்கம் விளக்குகிறது. நமக்கு அந்தப் பக்கமே தேவையில்லை. 'நான் ஆசிரியர்' என்று நாம் வினைச்சொல் இல்லாமல் முடிப்பதுபோல அவர்களும் "குரோ அகோ" என்று முடித்துவிடுவார்கள். அந்தக் 'குரோ' சமஸ்கிருத வழியில் போன நம் குருவேதான். முகத்துக்கு 'முகா', நம்பிக்கைக்கு 'ஆசா'. மேசைக்கு அவர்களும் 'மேசா' என்பார்கள்: அங்கே ஸ்பானியர் விட்டுப்போனது, இங்கே போர்ச்சுக்கீசியர் கொடுத்தது.

பாடநூல்கள் மிரட்டுவது வினைச்சொல்லைக் காட்டித்தான். "புமிலி அகோ நாங் இஸ்டா", "பினிலி கோ ஆங் இஸ்டா" என்ற இரண்டும் நான் மீன் வாங்கியதைத்தான் சொல்கின்றன, ஆனால் வினையும் மாறுகிறது, 'நான்' என்ற சொல்லும் மாறுகிறது, மீனுக்கு முன்னால் வரும் சின்னச் சொல்லும் மாறுகிறது. ஆங்கிலத்தில் இதற்குக் கொடுத்த விளக்கத்தைப் படித்துப் படித்துத் தலை சுற்றியது. அப்புறம் ஒருநாள் சந்தையில் நிற்கும்போது சட்டென்று பிடிபட்டது. முதலாவது 'மீன் வாங்கினேன்'. இரண்டாவது 'மீனை வாங்கினேன்'. ஏதோ ஒரு மீனா, நாம் பேசிக்கொண்டிருந்த அந்த மீனா என்பதை நாம் ஓர் 'ஐ' உருபில் காட்டுகிறோம். அவர்கள் வாக்கியத்தையே திருப்பிக் காட்டுகிறார்கள். எல்லா இடத்திலும் இது அச்சு மாறாமல் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் உள்ளே நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை. நமக்கு உண்மையில் கஷ்டம் வேறு இடத்தில்: வினை முதலில் வரவேண்டும். சோறு சாப்பிட்டேன் என்பது 'சாப்பிட்டேன் நான் சோறு' என்று தலைகீழாக வரவேண்டும். நீளமான வாக்கியத்தில் இதைச் செய்ய நாக்கு மறுக்கும். தினமும் செய்த நாலு வேலையை வினையை முன்னால் வைத்து உரக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் வழி. பாட்டுக் கேட்பது, படம் பார்ப்பது எல்லாம் இதற்கு உதவவில்லை.

மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸின் டவாவோ நகருக்குப் போகிற நம் பிள்ளைகளுக்காக ஒன்று. அந்த ஊர் வார்டில் நோயாளி பேசுவது பெரும்பாலும் பிசாயா என்று அவர்கள் சொல்லும் செபுவானோ. காலை வணக்கமே மணிலாவில் "மகந்தாங் உமாகா", அங்கே "மாயோங் புந்தாக்". அந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இங்கிருந்தே காசு கட்டி 'பிலிப்பினோ' படித்துவிட்டுப் போனான். கற்றுக்கொடுத்தவர் கடைசிவரை இதைச் சொல்லவில்லை. எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்த ஊர் மொழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

சரி, போலந்து. மாற்றல் வந்தபோது மணிலாவில் என்னோடு வேலை பார்த்த பிலிப்பினோத் தோழிக்கும் அதே கிளைக்கு மாற்றல். இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்தோம். 'பேச்சுப் போலிஷ், தீவிரப் பயிற்சி' என்று ஒரு தனியார் பயிற்சி மையம் மொத்தத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. பாதியில் நிறுத்தினால் பணம் திரும்ப வராது என்பது போலிஷில் எழுதிய ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வகுப்பு முழுக்கக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் முறைதான். பிலிப்பினோவுக்கு அந்த முறை தாங்கும். போலிஷுக்குத் தாங்கவில்லை, அதிலும் ஒரு பெண்ணுக்குத் தாங்கவே இல்லை. காரணம் இதுதான்: போலிஷில் 'நான் இருந்தேன்' என்று ஓர் ஆண் சொன்னால் "பிவெம்", பெண் சொன்னால் "பிவாம்". நாம் வந்தான், வந்தாள் என்று மற்றவரைச் சொல்லும்போது பிரிப்போமே தவிர, 'வந்தேன்' எல்லாருக்கும் ஒன்றுதான். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஆண், ஒலிப்பதிவில் பேசியவரும் ஆண். கேட்டதைக் கேட்டபடி சொல்லச் சொல்லி, மாதக்கணக்கில் எங்கள் வாயில் ஆண் வடிவத்தையே ஏற்றிவிட்டார்கள். ஒரு கடையில் வயதான அம்மா ஒருவர்தான் என் கையைத் தொட்டு, "பிவாம் என்று சொல்லுங்கள்" என்று மெல்லத் திருத்தினார். அன்று எனக்கு வந்தது வெட்கமில்லை, கோபம். வாங்கிய காசுக்கு இதை முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் போலிஷ் படிக்கப் போனால் முதல் நாளே 'இறந்தகாலத்தில் பெண் வடிவம் என்ன' என்று கேளுங்கள், பயிற்சிக்குப் பெண் குரல் பதிவுகளைத் தேடி எடுங்கள்.

என் தோழிக்கு இது இன்னும் பெரிய சுவர். பிலிப்பினோவில் அவன், அவள் இரண்டும் 'சியா' என்ற ஒரே சொல். எனக்காவது மனிதருக்குள் பால் பிரித்துப் பழக்கம் உண்டு. மேசை ஆண், விளக்கு பெண், ஜன்னல் அலி என்று போலிஷ் பிரிக்கும்போது நாங்கள் இருவருமே ஒன்றுதான். பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து முக்கால்வாசி ஊகிக்கலாம் என்பது மட்டும் ஆறுதல்: 'ஆ'வில் முடிந்தால் பெரும்பாலும் பெண், 'ஓ'வில் முடிந்தால் அலி, மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண். பன்மைக்குப் போனால் இன்னொன்று காத்திருக்கிறது. ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்கு 'ஓனி'. பெண்கள் மட்டும் இருந்தால், விலங்குகள், பொருள்கள் எல்லாவற்றோடும் சேர்த்து 'ஓனே'. உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் படித்த எனக்கு, நூறு பெண்களையும் நாற்காலிகளையும் ஒரே வரிசையில் வைக்கிற இலக்கணத்தை ஏற்றுக்கொள்ளவே மனம் வரவில்லை. அந்த மனத்தாங்கல் இன்னும் போகவில்லை, ஆனால் விதி மட்டும் அதனாலேயே மறக்காமல் நின்றுவிட்டது.

ஐந்து வருடம் தொடர்ந்து சட்டப்படி தங்கியிருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நிலையான வருமானம், மருத்துவக் காப்பீடு இவற்றோடு போலிஷ் பி1 என்கிற இடைநிலை அளவுக்குத் தெரியும் என்பதற்குச் சான்றும் வேண்டும். அங்கே படிக்காத என்னைப் போன்றவர்கள் அரசுத் தேர்வு எழுதித்தான் அதை வாங்க வேண்டும். தேர்வு ஐந்து பகுதி: கேட்டல், வாசித்தல், இலக்கணம், எழுதுதல், பேசுதல். மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக ஐம்பது சதவீதம் வாங்க வேண்டும். 'பேச வந்துவிட்டால் போதும், தேர்வு தானாக முடியும்' என்றுதான் அந்த மையம் எங்களிடம் சொன்னது. பேச்சில் நல்ல மதிப்பெண், கேட்டலில் நல்ல மதிப்பெண், இலக்கணத்தில் ஐம்பதுக்குச் சற்றுக் கீழே. மொத்தமும் தோல்வி. முடிவு வந்த அன்று சமைக்கவில்லை, யாரிடமும் பேசவில்லை, அழுது தூங்கிவிட்டேன். தேர்வுக் கட்டணம், வகுப்புப் பணம் எல்லாம் ஒரே வரியில் போன மாதிரி இருந்தது. அடுத்த தேர்வுக்கு இடம் பிடிப்பது இன்னொரு போராட்டம். பதிவு திறந்ததும் வேகமாக நிரம்பிவிடும். அதனால் தேதியை முதலில் பிடியுங்கள். கடைசியாக வந்த மாதிரி வினாத்தாளை எடுத்து, இலக்கணப் பகுதியை மட்டும் வகுப்பில் சேரும் முன்பே ஒருமுறை பாருங்கள். நீங்கள் சேரப்போகிற வகுப்பு அதற்குத் தயார்செய்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதற்கப்புறம்தான் பழைய பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணத்தைத் தேடி எடுத்தேன். அம்மா படம் பிடித்து அனுப்பிய எட்டு வேற்றுமைப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து, போலிஷின் ஏழு வேற்றுமையை எதிரே எழுதினேன். ஐ, கு, உடைய, இல் எல்லாம் அப்படியே வரிசையாக உட்கார்ந்தன. நம் மூன்றாம் வேற்றுமையில் ஆலும் ஓடும் சேர்ந்திருக்கின்றன அல்லவா, பேனாவால் என்பதற்கும் தோழியோடு என்பதற்கும் போலிஷிலும் ஒரே வேற்றுமைதான். தோழிக்கு முன்னால் ஒரு சின்ன இடைச்சொல் மட்டும் கூடுதலாக வரும். விளி வேற்றுமைகூட அவர்களிடம் உண்டு: அம்மாவைக் கூப்பிட்டால் 'மாமா' என்பது 'மாமோ' ஆகிவிடும். நம் ஐந்தாம் வேற்றுமைக்கு (ஊரிலிருந்து) மட்டும் தனி இடம் இல்லை, அது ஆறாவதோடு (ஊருடைய) சேர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் படித்தபோது பெயர் பெயராக மனப்பாடம் செய்த விஷயம் இது. மரம் என்பது 'மரத்தில்' ஆகும்போது உடம்பு மாறுவதுபோல, வூச் என்ற ஊர்ப்பெயர் 'வூச்சுக்கு' என்று வரும்போது "தோ வோஜி" ஆகும். ஆரம்பத்தில் பஸ் நிலையத்தில் டிரைவர் 'வோஜி' என்று கத்த, நான் வூச் பஸ்ஸைத் தேடிக்கொண்டு நின்றேன். டிக்கெட் காசு போனது. ஊர்ப்பெயர் ஒவ்வொன்றையும் மூன்று வடிவத்தில், ஊர், ஊருக்கு, ஊரில் என்று, சேர்த்தே படியுங்கள். கிராக்கோ போலிஷில் இப்படி வரும்: கிராக்குஃப், தோ கிராகோவா, ஃப் கிராகோவியே.

எங்கே தமிழ் கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 'புதிய வீட்டில்' என்றால் நமக்கு வீடு மட்டும்தான் மாறும், 'புதிய' அப்படியே நிற்கும். போலிஷில் புதியவும் சேர்ந்து மாறும், அதுவும் பாலுக்கு ஏற்றபடி. 'நேரம் இருக்கிறது' என்பதில் நேரம் 'ச்சாஸ்', 'நேரம் இல்லை' என்றதும் அது 'ச்சாசு'. எதிர்மறை வந்தால் செயப்படுபொருள் ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். எண்கள் தனிக்கதை: யெடென் ஸ்வோட்டி, த்வா ஸ்வோட்டே, ஐந்திலிருந்து ஸ்வோட்டிஹ், இருபத்திரண்டில் மறுபடி ஸ்வோட்டே, ஆனால் பன்னிரண்டில் ஸ்வோட்டிஹ். தேர்வில் இதைக் கேட்காமல் விடவே மாட்டார்கள். கடைத் தட்டில் இருக்கிற விலைச்சீட்டை எல்லாம் வாய்விட்டுப் படித்துப் படித்துத்தான் எனக்கு வந்தது.

மணி சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. மணிலாவில் இரண்டரை என்பதை ஸ்பானிய வழியில் 'இரண்டும் அரையும்' என்பார்கள், நாமும் அப்படியே. போலிஷில் "ஃப்பூவ் தோ த்ஷெச்சேய்", அதாவது 'மூன்றுக்கு அரை' என்றால் அது இரண்டரை மணி. பல் மருத்துவமனையில் தொலைபேசியில் இப்படிச் சொல்லி நேரம் கொடுத்தார்கள். வகுப்பில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. மூன்று காதில் விழுந்ததால் மூன்றரைக்குப் போனேன். வராததற்கான கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நேரம் பல வாரம் கழித்துக் கொடுத்தார்கள். வலியோடு அத்தனை வாரம் இருந்தேன். நேரத்தைக் குறுஞ்செய்தியில் எண்ணாக அனுப்பச் சொல்லிவிடுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்கும்போது 'பான்', 'பானி' என்று அழைத்து, படர்க்கையில் கேட்க வேண்டும்: 'ஐயா அனுப்புவாரா' என்கிற மாதிரி.

வினையில் மட்டும் எங்கள் இருவருக்கும் நல்லகாலம். போலிஷில் ஒவ்வொரு வினைக்கும் பெரும்பாலும் இரண்டு முகம்: "பிசாவாம்" எழுதிக்கொண்டிருந்தேன், "நாபிசாவாம்" எழுதிவிட்டேன். நம் 'விட்டேன்' பெரும்பாலான இடத்தில் சரியாக விழும். முடிந்ததா, முடியவில்லையா என்றே வினையைப் பிரிக்கிற மொழியில் வளர்ந்த தோழிக்கு இது இன்னும் இயல்பாக வந்தது. குமாயின் முடிந்தது, குமாகாயின் முடியாதது, காகாயின் இனிமேல். வகுப்பில் இதை எனக்கு விளக்கியது ஆசிரியர் இல்லை, அவள்தான். பதிலுக்கு நான் அவளுக்கு வேற்றுமை சொல்லிக்கொடுத்தேன்.

காகிதச் செலவையும் கணக்கில் வையுங்கள். பிறப்புச் சான்று போன்றவற்றைப் போலந்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் மொழிபெயர்த்து முத்திரை வைக்க வேண்டும். அவர்கள் 'பக்கம்' என்பது உங்கள் தாளின் பக்கம் இல்லை. இடைவெளியும் சேர்த்து 1125 எழுத்துகள் ஒரு பக்கம், அடுத்த பக்கம் தொடங்கினாலே முழுப் பக்கத்துக்குக் காசு. ஒரு தாள்தானே என்று நினைத்துக் கொடுத்தால் பில் மூன்று பக்கத்துக்கு வரும். முன்னாலேயே எழுத்துக் கணக்கைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரிடம் வாரம் ஒருமுறை, இலக்கணத்துக்கு மட்டும் போனேன். அந்தப் பயிற்சி மையத்துக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட அவர் வாங்கவில்லை. என் தமிழ் வேற்றுமைத் தாளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வடிவத்துக்கும் தமிழில் எப்படிச் சொல்வாய் என்று அவரே கேட்க ஆரம்பித்தார். மறுபடி எழுதியபோது இலக்கணப் பகுதியில்தான் எனக்கு அதிக மதிப்பெண். தோழியும் தேறிவிட்டாள். சான்றிதழ் தானாக வராது. தேறிய பிறகு அதற்குத் தனியாகக் கட்டணம் உண்டு, அதையும் சேர்த்தே பணம் எடுத்து வையுங்கள். பதிவு செய்யும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி, அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே கட்டத்தில், எழுத்து மாறாமல் போடுங்கள். வசிப்புரிமை மனுவோடு சான்றிதழை வைக்கும்போது முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான்.